முடிக்காத தாளம்

ஜாஜாங்கின் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தபோதே ஏமோன் தாளத்தை முடித்திருக்க வேண்டும். காருத் பக்கத்துக் கல்யாண வீடுகளில் அதுதான் வழக்கம். சிலாட் என்னும் பொய்ச்சண்டை ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து மத்தளக்காரன் கம்பைப் போடுவான். மூச்சு முட்டுகிறது என்று தெரிந்ததும் முத்தாய்ப்பு வைப்பான், சேகண்டி முழங்கும், இருவரும் கட்டிக்கொண்டு சிரிப்பார்கள். மத்தளம் நிற்பதற்குள் களத்தைவிட்டு இறங்குகிறவன் அப்புறம் ஊரில் தலைகாட்ட முடியாது.

ஏமோன் முடிக்கவில்லை. வேகத்தைக் கூட்டினான்.

காலையில் சோற்றுப் பானைகளுக்கு நடுவே தங்கை லிலிஸைப் பார்த்திருந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, கன்னத்தில் மோதிரத் தடம். "கிணத்தடியில வழுக்கிட்டேண்ணே" என்றாள். கிணற்றடி எப்போதிலிருந்து மோதிரம் போட ஆரம்பித்தது? அந்த மோதிரக் கைதான் இப்போது களத்தில் வீசிக்கொண்டிருந்தது. ஜாஜாங் அவள் புருஷன். எதிரே தாதாங், மூட்டை தூக்குகிறவன், பாவம், ஒரு வம்புக்கும் போகாதவன்.

மூச்சுவிட இடம் கிடைக்கும்வரைதான் இந்த ஆட்டத்தில் பொய்யடி பொய்யடியாக இருக்கும். தாளம் விரட்ட விரட்ட, தாதாங்கின் முழங்கை நிஜமாகவே இறங்கியது. ஜாஜாங்கின் பல் ஒன்று மண்ணில் விழுந்தது. சனம் விசிலடித்தது. வயிற்றில் ஒரு குத்து, விலாவில் ஒரு குத்து. ஒவ்வொன்றுக்கும் ஏமோன் மத்தளத்தின் பெரிய தோலில் ஓங்கி ஓங்கிப் போட்டான். மறைப்பானேன், அவனுக்கு ஆனந்தமாக இருந்தது.

"டேய், முடிடா! செத்துகித்துத் தொலையப் போறான்!" ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கத்தினார் ஓயோ மாமா.

"நீங்க ஊதுங்க மாமா. மாப்ளைக்கு இன்னும் ஆசை தீரல."

"விட்ருண்ணே, தாளத்த முடிண்ணே" என்று களத்திலிருந்து அழுதான் தாதாங். அழுதுகொண்டே அடித்தான். ஜாஜாங் மண்டி போட்டான், எழுந்தான், மறுபடியும் விழுந்தான். கறுப்புச் சட்டை நனைந்து மார்போடு ஒட்டியிருந்தது. மத்தளத்தைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். வாய்விட்டுக் கேட்டால் மானம் போய்விடுமே. ஏமோன் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கினான்.

அடுக்களைப் பக்கமிருந்து லிலிஸ் ஓடி வந்தாள். புருஷனிடம் போவாள் என்று நினைத்தான். அவள் நேரே மத்தளத்தின் மேல் வந்து விழுந்தாள்.

"அண்ணே, நிறுத்துண்ணே!"

பெரிய தோலின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். ஓங்கிய கம்பை ஏமோனால் நிறுத்த முடியவில்லை. அது அவள் விரல்களின் மேல் இறங்கியது, எலும்பு நொறுங்கும் சத்தம் அவன் காதில் தெளிவாகக் கேட்டது. குழல் நின்றது. களத்தில் ஜாஜாங் சரிந்து கிடந்தான், அவனை யாரும் பார்க்கவில்லை.

"லிலிஸ்..." என்று கம்பைப் பிடித்தபடியே அவள் பக்கம் குனிந்தான் ஏமோன்.

அவள் அழவில்லை. நொறுங்கிய கையை மடியில் போட்டுக்கொண்டு, மற்றக் கையை முகத்துக்குக் குறுக்கே சட்டென்று உயர்த்தினாள். அந்த முழங்கைக்கு மேலே தெரிந்த ஒற்றைக் கண், அடுத்த அடி எங்கே விழும் என்று அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தது.