அண்ணியின் அட்டை

தக்காளித் தோட்டத்தில் ஆறு பருவமாக நான் அண்ணியாகத்தான் வேலை செய்தேன். வந்த புதிதில் எனக்கு வேலைக்குச் சேரும் வயதில்லை. அண்ணியோ கைக்குழந்தையோடு அறையில் கிடந்தாள். அவளுடைய வேலை அட்டையை அண்ணன் என் கையில் திணித்தான். தலையில் துணியைக் கட்டி வெயிலில் நின்றால் எல்லா முகமும் ஒன்றுதான். அவள் பெயரைக் கூப்பிட்டால் தூக்கத்தில்கூட "வரேன்" என்பேன்.

வேலை முடிந்ததும் பெட்டி அடுக்கும் கொட்டகையில் ஒரு டீச்சர் வந்து வகுப்பு எடுத்தார். பள்ளியைப் பாதியில் விட்ட தோட்ட ஆட்களுக்குப் பள்ளியிறுதிக்குச் சமமான தேர்வு. தேறினால் நர்ஸ் உதவியாளர் படிப்பில் சேரலாம். குனியாமல் செய்கிற ஒரு வேலை, அவ்வளவுதான் எனக்கு வேண்டும். பருவம் முடிந்து வேறு பயிர்களுக்கு ஊர் ஊராகப் போனபோதும் புத்தகம் மூட்டையில் வந்தது. கணக்கு மட்டும் இரண்டு முறை காலை வாரியது.

ஒவ்வொரு முறையும் டீச்சர் மேஸ்திரியின் ஆள் பட்டியலைப் பார்த்து விண்ணப்பம் நிரப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன். பழகிய கை, அண்ணி பெயரை எழுதியது. உறுத்தவே இல்லை. என்னைப் போல் மடச்சி உண்டா?

சான்றிதழ் வந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, அண்ணி பெயரில். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு எட்டியது அண்ணி வாய்க்குப் போனது.

டீச்சரிடம் போய் அழுதேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அண்ணனுக்கும் வேலை போகும் என்றார். என் பெயரில் மறுபடி எழுதவும் தோட்ட அட்டை வேண்டுமாம், புது அட்டை கொடுப்பதையோ நிறுத்திவிட்டார்களாம்.

அண்ணன் அலட்டிக்கொள்ளவில்லை. "வீட்டுக்குள்ளதானே இருக்கு, யார் பேர்ல இருந்தா என்ன?" என்றான்.

அந்த மாதமே ஊருக்குள் ஒரு கிடங்கில் எடை குறிக்கப் படித்த ஆள் கேட்டார்கள். நாற்காலி, நிழல், தலைக்கு மேல் மின்விசிறி. அண்ணி சான்றிதழோடு போனாள், கிடைத்துவிட்டது. அடையாளம் காட்ட அட்டையையும் எடுத்துக்கொண்டாள். அட்டை இல்லாத எனக்குத் தோட்டமும் இல்லை. இப்போது அவளுடைய இரண்டு பிள்ளைகளுக்கும் நான்தான் காவல்.

அண்ணி கெட்டவள் இல்லை, அதுதான் இன்னும் எரிகிறது. சாயங்காலம் எடைச்சீட்டுகளை என் முன்னால் பரப்பி, "கொஞ்சம் கூட்டிக் குடும்மா, எனக்கு இதெல்லாம் வரமாட்டேங்குது" என்பாள். கூட்டிக் கொடுப்பேன். அடியில் கையெழுத்தும் நானே போட வேண்டும். கிடங்கில் கொடுத்த சான்றிதழில் இருப்பது என் கையெழுத்து, மாறினால் அவள் மாட்டிக்கொள்வாள்.

அவள் பெயரை அவளைவிட நான்தான் அழகாக எழுதுகிறேன்.