முப்பது கிலோவும் ஒரு பாம்பும்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. வளைகுடாவில், ருவைஸ் என்ற ஊரில், ஒரு தொழிலாளர் கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜாபர் சாதிக், என் தங்கை மகன், போனில் சொன்னது. அவன் சொன்னபோது அதன் நீளம் இரண்டு முழம். என்னிடம் வந்தபின் வளர்ந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. நல்ல இடத்தில் இருந்தால் எதுவும் வளரும்.

ஜித்தா ஷரஃபியாவில் நான் கடை வைத்திருந்த காலத்தில் ஓர் ஒட்டகம் கல்லாவில் நின்று மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிப்போனது. அதை நம்பியவர்கள் இதை நம்ப மறுக்கிறார்கள். எனக்கு வருத்தம்தான்.

இன்னொன்று. தலைப்பில் உள்ள அந்தப் பிராணியின் பெயரை நான் எழுதவில்லை. மருமகள் ஃபஸ்னா எழுதிக் கொடுத்தாள். எனக்கு அதை நினைத்தாலே உள்ளங்கால் கூசும். இப்போதும் நாற்காலியின்மேல் கால்களை மடக்கி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். கதைக்குள் ‘அது’ என்றே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம்: பாலைவனத்தின் தகிக்கும் வெயிலில், தனிமையின் கானலில்…

(வேண்டாம். ஜாபர் கடையில் ஏசி ஓடுகிறது. யாரும் தகிக்கவில்லை.)

இரண்டாம் தொடக்கம்: மாயாண்டி எதற்கும் அஞ்சாதவர்.

(பாதி உண்மை. பிளான்ட்டில் எட்டு மாடி உயரத்தில் சாரம் கட்டுகிறவர். அதே மனிதர், தரையில் சுருண்டு கிடக்கும் தண்ணீர்க் குழாயைக் கண்டால் ஊரைச் சுற்றிக்கொண்டு நடப்பார்.)

மூன்றாவது: மாயாண்டியின் பெட்டி ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தது.

இது நிற்கும். இதிலிருந்தே போவோம்.

3

லீவில் போகிறவனின் பெட்டி அவனுடையது மட்டுமில்லை. அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் வீட்டுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவார். அதனால் அட்டைப்பெட்டியின் ஒரு மூலையைக் கடைசிவரை ஒட்டாமல் விட்டு வைப்பது கேம்ப் வழக்கம். முழுதாக ஒட்டிவிட்டவனைக் கல்நெஞ்சன் என்பார்கள்.

அறையில் மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடித்ததால் மாயாண்டியின் பெட்டி இரண்டு நாளாக ஜாபர் கடையின் பின்கட்டில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. மூலை திறந்திருந்தது.

அன்று சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் கம்பெனி வேன் வரும். அபுதாபி ஏர்போர்ட்டுக்கு நெடுந்தூரம். வேனை விட்டால் ஃபிளைட் இல்லை. ஃபிளைட் இல்லையென்றால் மறுநாள் மகள் பானுப்பிரியாவின் வளைகாப்புக்கு அப்பா இல்லை. அவளுடைய கல்யாணத்துக்கே அவருக்கு லீவு கிடைக்கவில்லை. இந்த முறையாவது வந்துவிடுங்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்காததுதான் அவரைக் குடைந்தது.

வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் பெட்டியை ஏற்றினார்கள். ஃபிளைட்டில் முப்பது கிலோதான் அனுமதி; முள் முப்பத்தொன்றரையில் நின்றது.

“பாய், உங்க தராசு பொய் சொல்லுது.”

“நேத்து முப்பதுதானே காட்டுச்சு மாயாண்டி? அப்ப மட்டும் உண்மை சொன்னுச்சா?”

மாயாண்டி அறைக்கூட்டாளியைத் திரும்பிப் பார்த்தார். “ஜெயசீலா, என்னத்தடா சொருகுன?”

“அண்ணே, ஒரு தைல டப்பா. ஒரு சென்ட் பாட்டில். நீங்கதான எங்கிட்ட வாங்கி உள்ள வச்சீங்க.”

“ஒன்றரைக் கிலோவுக்குத் தைலமா? ஒன் மாமியா என்ன அதுல குளிக்கவா போகுது?”

“வேணும்னா எடுத்துப் பாருங்கண்ணே. திருட்டுப்பட்டம் மட்டும் கட்டாதீங்க.”

மாயாண்டி திறந்த மூலைக்குள் கையை விட்டார். பேரக்குழந்தைக்கென்று வாங்கிய ரோஸ் கம்பளி விரல்களில் பட்டது. கம்பளி குளிர்ந்தது. பிறகு கம்பளி நகர்ந்தது.

4

(இந்த இடத்தில் நான் எழுந்து போய் டீ குடித்தேன். கட்டிலுக்கு அடியிலும் பார்த்துக்கொண்டேன்.)

5

மாயாண்டி பின்னால் பாய்ந்ததில் சோப்புத்தூள் அடுக்கு சரிந்தது. ஜெயசீலன் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான். போய் ஷட்டர் இழுக்கும் இரும்புக் கம்பியை எடுத்து வந்தான்.

“நகருங்கண்ணே. ஒரே போடு.”

“போடாத.”

“என்னண்ணே?”

“போடாதன்னா போடாத. வீட்ல புள்ள ஏழு மாசம்.” மாயாண்டியின் கை கம்பியைப் பிடித்துக்கொண்டது. “வீட்ல ஒருத்தி மாசமா இருக்கையில பூச்சிய அடிக்கக்கூடாது. அடிக்கவிட்டுப் பாத்துக்கிட்டும் நிக்கக்கூடாது.”

அவர் ஊர்ப் பக்கத்தில் அதைப் பூச்சி என்பார்கள். பெயர் சொன்னால் வந்துவிடுமாம். எனக்குத் தெரிந்தவரை மிக நியாயமான ஏற்பாடு.*

(* மாசமானவள் இருக்கும் வீட்டில் அதை அடிக்கக்கூடாது என்பதை மூடநம்பிக்கை என்று ஒரு பத்தி எழுதினேன். ஃபஸ்னாவும் இப்போது மாசமாக இருக்கிறாள். பத்தியை எடுத்துவிட்டேன்.)

ஜாபர் போனில் எதையோ தேடி எடுத்தான். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்த படம். கம்பெனி குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் இன்ஜினியர் ரகுநாதன் வீட்டில் வளர்த்தது, ஒரு வாரமாகக் காணவில்லை. கீழே எழுதியிருந்தது: ‘பெயர் லட்டு. விஷமில்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். கண்டால் அடிக்காதீர்கள், தயவுசெய்து அழையுங்கள்.’

“பேரப் பாரு,” என்றான் ஜெயசீலன். “திங்கிறதுக்கா வளத்தாரு?”

ஜாபர் அழைத்து ஸ்பீக்கரில் போட்டான்.

“அடிச்சிடாதீங்க,” என்றது ரகுநாதனின் குரல், வணக்கத்துக்கும் முன்னால். “நான் டியூட்டில இருக்கேன். ஆள் மாத்திட்டுக் கிளம்ப ஒரு மணி நேரம் ஆகும்.”

“இவருக்கு வேன் இப்ப வந்துரும் சார்.”

“அப்ப நீங்களே தூக்கி ஒரு தலையணை உறைக்குள்ள விட்டுடுங்க. ரொம்ப ஈஸி.”

கடையில் யாரும் அதை ஈஸி என்று நினைக்கவில்லை.

6

எனக்குக் கதாபாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது இங்கேதான். குழாயைக் கண்டு வழி மாறுகிற ஆள் இதற்குள் கை விடுவாரா? முதல் பிரதியில் ஜாபரைத் தூக்கவைத்தேன். படித்துக் காட்டியபோது அவனே மறுத்தான்: “மாமா, நான் அரிசி மூட்டைமேல ஏறி நின்னேன். அத எழுதுங்க.” எழுதிவிட்டேன்.

ஜெயசீலனைத் தூக்கவைத்தேன். அவன் கையில் கம்பி இருந்தது. கம்பி பிடித்த கையை நம்ப முடியாது.

பெட்டியை விட்டுவிட்டுப் போகட்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஜாபரும் சொன்னான். மாயாண்டி பெட்டியைப் பார்த்தார். அதற்குள் அறையில் இருந்த அத்தனை பேரின் வீடும் இருந்தது. ஒருத்தருடைய அம்மாவுக்கு முழங்கால் பட்டை. ஒருத்தருடைய மகளுக்கு மூக்குக்கண்ணாடி. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார்.

பள்ளிவாசலில் அசருக்குப் பாங்கு சொன்னார்கள்.

7

“தலையப் பிடிக்காதீங்க,” என்றார் ரகுநாதன் போனில். “நடு உடம்பு. ரெண்டு கையும் அடியில குடுங்க. பேசிக்கிட்டே பண்ணுங்க.”

“பேசுனா கேக்குமா சார்?”

“பெருசாக் கேக்காது. அது உங்களுக்காக.”

மாயாண்டி முழங்கை வரை உள்ளே விட்டார். கண்களை மூடியிருந்தார். பிறகு, மூடினால் அது இன்னும் நீளமாகத் தெரிகிறது என்று திறந்துகொண்டார்.

“ஏத்தா,” என்றார். “இது எம்மக வயித்துப் புள்ளைக்கு வாங்குன கம்பளித்தா. ஒனக்கு வேணும்னா அடுத்த லீவுக்கு வாங்கியாறேன். எந்திரிச்சு வா.”

அது வந்தது. தேன்நிறத்தில் கறுப்புத் திட்டுகள். ஈரமாக, கொழகொழவென்று இருக்கும் என்று ஆயுள் முழுக்க நினைத்திருந்தார். கழுவிக் காயவைத்த புளியங்கொட்டைபோல் இருந்தது. மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி, தலையை அவர் விரல் இடுக்கில் சொருகி ஒளித்துக்கொண்டது.

“நடுங்குதுய்யா.”

“நீங்கதாண்ணே நடுங்குறீங்க.”

“ரெண்டு பேருந்தான்டா. உறையப் பிடி.”

ஜெயசீலன் கம்பியைக் கீழே வைத்தான். கடையில் விற்கும் தலையணை உறை ஒன்றை விரித்துப் பிடித்தான். அது மணிக்கட்டை விட மறுத்தது. மாயாண்டி பிய்க்கவில்லை. உறைக்குள் கையை விட்டபடி, சாரத்தின் உச்சியில் காற்று அடங்கக் காத்திருப்பதுபோல, அது தானாக அவிழும்வரை நின்றார். அவிழ்ந்தது.

பெட்டிக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி உறையின் வாயைக் கட்டி, வெங்காயக் கூடைக்குள் வைத்தார்கள். மாயாண்டி தன் கையையே சிறிது நேரம் பார்த்தார், யாரோ இரவல் கொடுத்ததுபோல.

8

இங்கே முடித்திருக்கலாம். ஃபஸ்னா அப்படித்தான் சொல்கிறாள். பயம் போயிற்று, வேன் வந்தது, சுபம்.

ஆனால் பெட்டியை ஒட்டிக் கட்டி மறுபடி தராசில் ஏற்றினார்களே, அதை நான் என்ன செய்வது?

அரைக் கிலோ கூடுதல்.

“சத்தியமா நான் இல்லண்ணே,” என்றான் ஜெயசீலன், யாரும் கேட்பதற்கு முன்.

போன் இன்னும் அணையாமல் இருந்தது. ரகுநாதன் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தார். “லட்டு கிடைச்சதே போதும்ங்க. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. அதோட சேர்ந்து போன ஜிலேபியும் எங்கேயாவது பத்திரமா இருக்கும்.”

ஜாபர் மறுபடி அரிசி மூட்டைமேல் ஏறினான்.

9

முடிவு அ: அது ஜிலேபி. முடிவு ஆ: அது ஜெயசீலன் சத்தியத்தை மீறிச் சொருகிய இன்னொரு சென்ட் பாட்டில். முடிவு இ: பெட்டியை அப்படியே ஏற்றிவிட்டார்கள், ஏர்போர்ட்டில் எக்ஸ்ரேக்காரர் திரையைப் பார்த்து…

(இ-யை எழுத எனக்குத் தெம்பில்லை. மாயாண்டிக்குப் பிள்ளைகுட்டி இருக்கிறது.)

எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான். வாசலில் வேன் ஹாரன் அடித்தபோது மாயாண்டியை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகவே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்து, ஒட்டிய மூலையைப் பிரித்தார். கண்களைத் திறந்தே வைத்திருந்தார்.

“தள்ளுங்கப்பா,” என்றார். “பாம்பா இருந்தா எங்கிட்ட வந்துரும்.”

பெயரைச் சொல்லிவிட்டார். அதனால் நானும் எழுதவேண்டியதாயிற்று. பாம்பு. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கால்களை இறக்கப் போவதில்லை, இன்னும் கொஞ்ச நேரத்துக்கு.

அதற்குமேல் என்னால் எட்டிப் பார்க்க முடியாது. கம்பளி பெரியது, வேன்காரன் பொறுமையில்லாதவன், மாயாண்டிக்கு இருப்பது இரண்டு கைதான். பெட்டியின் அந்த மூலை இன்னொரு கை நுழையும் அளவுக்குத் திறந்திருக்கிறது. நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

தலையைப் பிடிக்காதீர்கள். நடு உடம்பு. பேசிக்கொண்டே செய்யுங்கள்.