ஒன்பதாம் நம்பர் பஸ்ஸின் ஒற்றை இருக்கை

ஐந்தாவது பெனால்டி உதையைப் பார்க்க எழுந்து நின்ற ஊர், அதற்குப் பிறகு உட்காரவில்லை. அது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று நாற்பத்திரண்டுக்கு. ஆட்டம் வேறொரு கண்டத்தில் நடந்தது. தேசிய அணி கால் இறுதியில் நூற்றிருபது நிமிடம் ஓடிக் களைத்து, ஒன்றுக்கு ஒன்று என்று சமனாகி, கடைசியில் ஆளுக்கு ஐந்து உதை என்று வந்து நின்றது. ஐந்தாவது உதைக்கு வந்தவன் இந்த ஊர்க்காரன். போட்டால் ஆட்டம் தொடரும், விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். சோபா, பெஞ்சு, கட்டில் விளிம்பு, மாடிப்படி என்று எங்கெங்கோ உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். கோல் கீப்பர் வலது பக்கமாக நகர்வது டி.வி.யில் பார்த்த சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. எனவே ஊரே ஒரே தொண்டையில் "இடது, இடது" என்று கத்தியது. அவன் வலது பக்கம் அடித்தான். கீப்பர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே விழுந்தார். அவ்வளவுதான் விஷயம்.

மற்ற ஊர்களிலும் எழுந்து நின்றார்கள், திட்டினார்கள், பிறகு பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் திட்டுவது வரைக்கும் நடந்தது. உட்காரப் போனால் இடுப்பு மடங்கவில்லை. நடக்கலாம், படி ஏறலாம், இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் பலகையைச் சாய்ப்பதுபோலப் படுக்கையில் சாய்ந்து தூங்கலாம். உட்காருவது மட்டும் கிடையாது. கழிப்பறையில் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்கக் கூடாது, சமாளித்தார்கள். மருத்துவமனையில் பெரிய டாக்டர் எலும்பில் கோளாறில்லை, நரம்பில் கோளாறில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார், அதையும் நின்றுகொண்டேதான் எழுதினார். முதல் நாள் சிரித்தார்கள். இரண்டாம் நாள் தைலம் தேய்த்தார்கள். மூன்றாம் நாள் யார் மேல் பழி போடலாம் என்று பார்த்தார்கள், அதற்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுகாதார அலுவலகம் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில், உட்காரக்கூடியவர்கள் நாற்பத்தொரு பேர் தேறினார்கள்: கைக்குழந்தைகள், படுத்த படுக்கையாகக் கிடந்த நோயாளிகள், அந்த நேரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கள், குளித்துக்கொண்டிருந்த ஒரு தபால்காரர்.

உதைத்தவனின் அக்கா இதே ஊரில் பஸ் டிரைவர். ஒன்பதாம் நம்பர் தடத்தில் பதினாறு வருஷ சர்வீஸ், ஒரு தடவைகூட பஸ்ஸில் கீறல் விழுந்ததில்லை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்விட்ட பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அன்றைக்கு டிப்போவின் ஓய்வறையில் சக டிரைவர்கள் இருபத்திரண்டு பேரோடு நின்று ஆட்டம் பார்த்தாள். இருபத்திரண்டு பேரும் இடது என்று கத்தினார்கள். அவள் மட்டும் வலது என்று கத்தினாள். அவளுக்குத் தெரியும், பயந்துவிட்டால் அவன் கால் சின்ன வயதிலிருந்தே வலது பக்கம்தான் நேராகப் போகும். இடது பக்கம் திருப்பினால் தடுமாறுவான். பந்து கீப்பர் நெஞ்சில் போய் ஒட்டிக்கொண்டதும் அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. ஆனால் தன்னால்தான் அவன் அப்படி அடித்தான் என்ற நினைப்பு அன்றைக்கு வந்தது, வந்தது போகவே இல்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. அவர் ரொட்டி அடுப்பில் விடியற்காலை வேலை முடித்துவிட்டு வந்து ஆட்டம் முழுவதும் குறட்டை விட்டவர், ஆகவே நாற்பத்தொரு பேரில் ஒருவர். அந்த மனுஷன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தம்பியின் கதை வேறு. உதை வீணானதும் அவன் இருந்த இடத்திலேயே புல்லில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவனால் எழுந்திருக்க முடியவில்லை. சக ஆட்டக்காரர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். உட்கார்ந்த மேனிக்கே மேலே வந்தான். கால் அசைந்தது, விரல் மடங்கியது, பந்தைக் கொடுத்தால் உதைக்கவும் செய்தான். நிற்பது மட்டும் கிடையாது. அப்படியே விமானத்தில் ஏற்றி, அப்படியே இறக்கி, பதினோராம் நாள் ஒரு வேனில் நாற்காலியோடு ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தெருவின் இரண்டு பக்கமும் ஊர் நின்றது. வேறு என்ன செய்யும்? நாற்காலியை இறக்க அக்கா புருஷனான மச்சானையும் அவரோடு அடுப்பில் வேலை செய்யும் ஒருவரையும் தவிர யாரும் கை கொடுக்கவில்லை. சலூன்காரர் ஒரு கல்லை எடுத்து வீசினார், அது அக்கா வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. அவர் தொழிலே நின்று செய்கிற தொழில்தான், அவருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். வாடிக்கையாளர் உட்காராததால், உயரமான ஆளுக்குச் சவரம் செய்ய அவர் முக்காலி மேல் ஏறி நிற்க வேண்டியிருந்தது. கத்தியோடு முக்காலியில் நிற்கிற மனிதனுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் மைதானத்தில் அவனை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். மைக் ஸ்டாண்டை அவன் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்தார்கள். அவன் சுருக்கமாகப் பேசினான். "யாரும் எனக்குச் சொல்லல. நானாத்தான் வலது பக்கம் அடிச்சேன். மன்னிச்சிடுங்க." கொண்டுவந்து அடுக்கியிருந்த நாற்காலிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், அதாவது உட்காரப் பார்த்தார்கள். ஒருவர் இடுப்பும் மடங்கவில்லை. சரி, உதையைத் திரும்ப எடுக்கட்டும் என்றார்கள். நாற்காலியைக் கோல் கம்பத்துக்கு முன்னால் தூக்கி வைத்து, காலடியில் பந்தை வைத்தார்கள். அவன் இடது பக்கம் அடித்தான், பந்து வலைக்குள் போய் விழுந்தது. மறுபடியும் முயன்றார்கள். ஊஹூம். அதற்குப் பிறகு முன்பைவிட அதிகமாகத் திட்டிக்கொண்டு கலைந்தார்கள். அக்கா கடைசி வரிசையில் நின்றிருந்தாள். 'யாரும் சொல்லல' என்று அவன் சொன்னபோதே வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சமையலறைச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த வருஷம் ஊர் ஓர் இடத்தில் தரிக்கவில்லை. உட்காரத் தெரியாதவர்கள் என்னதான் செய்வார்கள்? நடந்தார்கள். வங்கியில் எழுத்தர்கள் கவுண்டருக்குப் பின்னால் நடந்துகொண்டே பேசினார்கள், வகுப்பில் பிள்ளைகள் சுவரோரமாக வலம் வந்துகொண்டே வாய்ப்பாடு சொன்னார்கள். தையல்காரர் மெஷினைப் பெட்டிகள் மேல் ஏற்றி ஒற்றைக் காலால் மிதித்தார், அவர் தைத்த சட்டையெல்லாம் ஒரு பக்கம் இழுத்தது. பேசினால் சண்டை, பேசாவிட்டாலும் சண்டை. எந்தச் சண்டையும் கடைசியில் அந்த வலது பக்க உதையில்தான் போய் முடிந்தது. பெரிய தொல்லை பஸ். ஊர் டிரைவர்களால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார முடியாது. டிப்போ மேனேஜர் வெளியூரிலிருந்து இரண்டு பேரை வரவழைத்தார். ஒருவர் மூன்றாம் நாளும் மற்றவர் ஐந்தாம் நாளும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அறுபது பேர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு பிரேக் போடு, ஒதுங்கு, ஹாரன் அடி, அவனை முந்து என்று விடாமல் கத்தினால் எந்த மனிதன் வண்டி ஓட்டுவான்? டி.வி.யைப் பார்த்துக் கத்திப் பழகிய ஊர், எதிரே இருப்பவனுக்குக் காது கேட்கும் என்பதையே மறந்துபோயிருந்தது. பஸ் நின்றது. ஏழு கிலோமீட்டர் தள்ளியிருந்த மருத்துவமனைக்கு நோயாளிகள் நடந்து போனார்கள்.

யோசனை சொன்னது மச்சான்தான். தம்பிக்கு இருபத்தொரு வயதானபோதே அக்கா பிடிவாதம் பிடித்துக் கனரக வண்டி லைசென்ஸ் எடுக்க வைத்திருந்தாள், பந்தை நம்பியே இருந்துவிடாதே என்று. அது பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. ஒரு காலை ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே மச்சான் சொன்னார்: "எந்திரிக்க முடியாத ஆளு ஒருத்தன் வீட்ல இருக்கான். உட்கார ஆளில்லாத பஸ் ஒண்ணு டிப்போல இருக்கு. இதுக்கு மேல நான் வாய் விட்டு வேற சொல்லணுமா?" டிப்போ மேனேஜர் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஓட்டுநர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறதாம், எழுந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லையாம். ஆக தம்பி டிரைவரானான், அக்கா அதே பஸ்ஸில் கண்டக்டரானாள்.

எட்டு நாள் பஸ் காலியாக ஓடியது. பிரேக் மிதிப்பது எந்தக் கால் என்று சலூன்காரர் போவோர் வருவோரையெல்லாம் கேட்டார். வலது கால். அந்தக் காலை நம்பி ஏறச் சொல்கிறார்களா என்று கேட்டுவிட்டு அவர் முக்காலியில் ஏறிக்கொள்வார். நிறுத்தத்தில் நிற்பவர்கள் பஸ்ஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தம்பி ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒழுங்காக நிறுத்தி, கதவைத் திறந்து, ஒரு நிமிடம் காத்திருந்து, மூடிக்கொண்டு போனான். எட்டாம் நாள் மத்தியானம், ஆளில்லாத கடைசி நிறுத்தத்தில், அக்கா அவன் இருக்கைக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளால் குனிய முடியாது, அவனால் நிமிர முடியாது, அதனால் அவன் உச்சந்தலையைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அன்னிக்கு நான் வலதுன்னு கத்தினேன்டா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"கேட்டுச்சுக்கா. ஸ்டேடியத்துல எண்பதாயிரம் பேரு. உன் குரல் மட்டுந்தான் கேட்டுச்சு."

அவள் கம்பியை விடவில்லை. அப்படியானால் மைதானத்தில் ஏன் 'யாரும் சொல்லல' என்று சொன்னாய் என்று கேட்டாள். அவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, நீ இந்த ஊரில் பஸ் ஓட்டிப் பிழைக்க வேண்டியவள், நான் எப்படியும் திட்டு வாங்கியாகிவிட்டது, இரண்டு பேர் எதற்கு வாங்க வேண்டும் என்றான். இதை யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னான். அவள் சரி என்றாள்.

ஒன்பதாம் நாள் காலை சலூன்காரர் பஸ்ஸில் ஏறினார். ஆசையால் ஏறவில்லை. நின்று நின்று இடது கால் தூண்போல வீங்கி, பச்சை நரம்பு புடைத்து, டாக்டர் உடனே வரச் சொல்லியிருந்தார். அவரே ஏறிவிட்டாரே என்று பின்னால் நாற்பது பேர் ஏறினார்கள். பஸ் நகர்ந்ததும் கத்தல் தொடங்கியது. மெதுவாகப் போ, வேகமாகப் போ, குழியைப் பார், ஆளைப் பார். தம்பியின் கழுத்து வியர்த்தது. பெட்ரோல் பங்க் சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தது. மருத்துவமனைக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். அவ்வளவு பேரும் ஒரே தொண்டையில் "இடது, இடது" என்று ஆரம்பித்தார்கள். அவன் இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டு, அணைத்து, மறுபடியும் போட்டதை அக்கா பார்த்தாள். சலூன்காரர் அவன் காதருகே தலையை நீட்டினார்.

"இப்பவாவது ஊர் சொல்றதக் கேப்பியா? இல்ல, இதுலயும் உன் இஷ்டந்தானா?"

அக்கா டிக்கெட் கட்டைப் பைக்குள் வைத்தாள். ஒன்பதாம் நம்பரில் பதினாறு வருஷம் பார்த்த முகங்கள்தான் எல்லாம், அந்த முகங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"அவன் இஷ்டம் இல்ல. வலது பக்கம் அடின்னு கத்தினது நான். அவனுக்கு அது கேட்டுச்சு. நான் சொன்னதத்தான் செஞ்சான். திட்டணும்னா என்னத் திட்டுங்க."

பத்து மாதத்தில் அந்த ஊரில் நாற்பது பேர் சேர்ந்து வாயை மூடியது அதுதான் முதல் தடவை. கல் எறிந்த கை எங்கே போகும் என்று அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது. தம்பி கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். பஸ் இடது பக்கம் திரும்பியது. இரண்டு நிறுத்தம் தாண்டியது. பிறகு சலூன்காரர் வீங்கிய காலை மாற்றி வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னார்.

"எங்க அக்கா சொல்லியிருந்தா நானும் வலதுதான் அடிச்சிருப்பேன்." பிறகு, "ஹாரன் அடிடா, முன்னாடி சைக்கிள் வருது" என்றார்.

தம்பி ஹாரன் அடித்தான்.

அதற்காக யாரும் உட்காரவில்லை. மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததும் வாசல் பெஞ்சில் ஐந்தாறு பேர் முயன்று பார்த்தது உண்மை, இடுப்பு மடங்கவில்லை, அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் முயலவில்லை. மேஜைகளின் கால்களை உயர்த்தினார்கள். தையல்காரருக்கு ஒருவர் நெஞ்சு உயரத்தில் மெஷின் மேடை செய்து கொடுத்தார், சட்டைகள் நேரானது அப்போதுதான். அக்கா வீட்டு ஜன்னலுக்குச் சலூன்காரர் புதுக் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் பயணிகள் இருக்கைகளைக் கழற்றிவிட்டதில் இன்னும் இருபது பேருக்கு இடம் கிடைத்தது. நான்கு வருஷம் கழித்து அடுத்த போட்டி வந்தது, அணி முதல் சுற்றிலேயே வெளியேறியது, ஊர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் புதிதாக ஒன்றும் நேரவில்லை. இதை எழுதுவதும் நின்றுகொண்டுதான். பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. பெட்ரோல் பங்க் சந்தி வந்தால் எண்பது பேரும் இடது என்று கத்துகிறார்கள், அது நிற்கவே இல்லை. தம்பி அப்போது கண்ணாடியில் பார்ப்பான். அக்கா வாயைத் திறக்காமல் தலையை மட்டும் அசைப்பாள். பிறகுதான் திரும்புவான். மருத்துவமனை வாசலுக்குப் பஸ் ஏழு ஐம்பதுக்கு வந்துவிடும்.