ஐந்தாவது பிராணி வாசலில் நிற்கிறது

1

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து வந்தது. புகாரை எழுதியவன் நான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துத் திட்ட வேண்டாம்.

படிப்பைப் பாதியில் விட்ட பிறகு சென்னையில் ஒரு கம்பெனியில் நான்கு மாதம் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். கைபேசி விளையாட்டுகளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. விளையாடச் சம்பளமா என்று ஊரில் பொறாமைப்பட்டார்கள். சம்பளம் விளையாடுவதற்கு இல்லை, நிற்பதற்கு. கதாநாயகனை ஓர் அறையில் நிறுத்திவிட்டு, எதையும் வெட்டாமல் இருபது நிமிடம் சும்மா இருக்க வேண்டும். விளையாட்டு தொங்கிப்போகிறதா என்று பார்க்க.

அப்படி நின்றபோதுதான் ஏழாம் நம்பரைப் பார்த்தேன். முதல் கோட்டையில் கூட்டமாக வரும் சில்லறை எதிரி. ஆட்டுக்குட்டி உயரம், பல்லி மூஞ்சி, உடம்பெல்லாம் வெள்ளி பூசின சாம்பல் நிறம். விளையாடுகிறவர்கள் மூன்று விநாடியில் வெட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். வெட்டாமல் நின்றதால் அவை என்ன செய்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றும் நுழையும் முன் வாசல் நிலையை உள்ளங்கையால் தொட்டது. கைகளை உடம்பில் படாமல் அகட்டி வைத்துக்கொண்டு நடந்தது. நாலு உள்ளே வந்தன. ஐந்தாவது வாசல்வரை வந்து நின்றுவிட்டது. ஒரு நிமிடம். பத்து நிமிடம். அது என்னைப் பார்க்கவே இல்லை. உள்ளே இருந்த நாலையும் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் எழுதினேன்: "ஏழாம் நம்பர். ஐந்தாவது பிராணி அறைக்குள் வருவதில்லை. பிழை. அவசரம்."

மறுநாள் அதை வரைந்தவரிடமிருந்து ஒரு வரி பதில்: "பிழை இல்லை. ஆட்கள் நாலு." கீழே பா.பி. என்று இரண்டெழுத்து.

மறுபடி எழுதினேன்: "ஏற்க முடியாது. ஐந்தாவதும் உள்ளே வர வேண்டும்."

எனக்கு ஊர் மல்லாங்கிணறு. என் சித்தி பதினாறு வருஷமாகக் கம்பெனி வேன் ஏறி வெடி ஆலைக்குப் போகிறவள். அங்கே ஒவ்வொரு அறைச் சுவரிலும் 'ஆட்கள் 4' என்று பெயிண்டில் எழுதியிருக்கும்; அதற்குமேல் ஓர் ஆள்கூட உள்ளே இருக்கக் கூடாது என்பது சட்டம். சின்ன வயதில் அவளுக்குச் சோற்றுவாளி கொண்டுபோனபோது கேட் இடுக்கு வழியாக நானே அதை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். திரையில் அந்த நாலு எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேலையை விட்டு ஊருக்கு வந்த அன்று சித்தி வேனைவிட்டு இறங்கி, வெடிமருந்துப் பொடி படிந்த கைகளைச் சேலையில் படாமல் அகட்டிக்கொண்டு நடந்து வந்தாள். அப்போதுதான் தெரிந்தது. தெருவிலேயே நின்றுவிட்டேன்.

2

பா.பி. யார் என்று எனக்குத் தெரியாது. பானுப்பிரியா என்று வைத்துக்கொள்கிறேன். இனி வருவது என் கற்பனை.

ஆரம்பம் ஒன்று: சிவகாசியின் வெயில் அன்று ஒரு

(வேண்டாம். இந்தப் பக்கத்துக் கதை என்றாலே வெயிலில்தான் தொடங்குகிறார்கள்.)

ஆரம்பம் இரண்டு: அந்தச் சத்தம் கேட்டபோது பானுப்பிரியா

(வேண்டவே வேண்டாம். ஒரு வெடிவிபத்தை வைத்தால் நீங்கள் அழுவீர்கள், நான் நல்ல எழுத்தாளன் ஆகிவிடுவேன். இந்தக் கதையில் எதுவும் வெடிக்காது.)

ஆரம்பம் மூன்று: காலண்டர் அச்சகத்தில் சாமி படங்களுக்கு நிறம் திருத்தும் வேலையிலிருந்து பானுப்பிரியா நின்று மூன்று வாரம் ஆகியிருந்தது.

இது நிற்கும். அவள் நின்றதற்குக் காரணம் ஏழாம் நம்பர். சென்னைக் கம்பெனி அவளுக்கு வெள்ளோட்டமாக ஒரு பிராணியைக் கொடுத்திருந்தது. அது சரியாக வந்தால் இன்னும் பதினொன்று. வரைவது மட்டுமல்ல, அது எப்படி நடக்கும், எங்கே தயங்கும், எப்படிச் சாகும் என்று குணக்குறிப்பும் அவளே எழுத வேண்டும். எல்லாம் முதல் அறையில் வெட்டுப்படப் போகிற பிராணிக்கு.

(இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். சினிமாவில் ஒரு மிருகம் வந்தால், காட்சி முடியும்வரை நீங்கள் அதைப் பார்த்தே ஆக வேண்டும். விளையாட்டில் வரைந்ததைப் பார்க்க வருகிறவன் கையில் கத்தியோடு வருகிறான். இது தெரிந்தும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, அதன் காலுக்கு எத்தனை மூட்டு, அறையில் ஆளில்லாதபோது அது எப்படி மூச்சு விடும், அடிபட்டால் எந்த முழங்கால் முதலில் மடங்கும் என்று முடிவு செய்கிறார். அவர் பெயரை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை, இரண்டெழுத்தோடு விட்டுவிட்டேன்.)

ஏழாம் நம்பரின் கையில் இரும்பு கிடையாது, மரத்துடுப்புதான். இரும்பு உரசினால் பொறி பறக்கும். காலில் செருப்பு கிடையாது. அடிபட்டால் அது மற்றவற்றின்மேல் விழாது. பக்கத்து வாசல் வழியாக வெளியே ஓடி, அங்கே போய் விழும். வேலையின் கடைசி வாரத்தில் நான் நாற்பது முறை வெட்டிப் பார்த்தேன். நாற்பதும் வெளியேதான் விழுந்தன. ஒன்றுகூட அறைக்குள் சாகவில்லை. நாற்பதாவது முறைக்குப் பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

3

சனிக்கிழமை மத்தியானம் சென்னையிலிருந்து சரவணக்குமார் பேசினார். பானுப்பிரியாவுக்கு வேலை கொடுத்தவர்.

"சூப்பரா வந்திருக்குங்க. ஆனா அந்த அஞ்சாவது இருக்கு பாருங்க, ப்ளேயருக்கு அது தொங்கிப்போன மாதிரி தெரியும். டெஸ்டிங்ல ரெண்டு தடவை எழுதிட்டாங்க."

(அது நான்.)

"அது அங்கதான் சார் நிக்கணும். நிக்கிறதுதான் அதோட குணம்."

(முதல் வரைவில் இங்கே அவளை ஒரு பக்கம் பேச வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். வேலை கொடுத்தவரிடம் போனில் யாரும் ஒரு பக்கம் பேசுவதில்லை.)

"குணத்தை யாருங்க பாக்குறா? ஒரு நம்பர். நாலை எட்டாக்குங்க. திங்கக்கிழமை காலைல ஃபைல் வந்துரணும். இல்லன்னா ரெடிமேடா ஒரு வௌவால் இருக்கு, அதைப் போட்டுருவோம். அப்புறம் அந்தப் பதினொண்ணும்..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. அச்சகத்தில் அவள் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை, வெடி ஆலைக்குப் போகும் அம்மா மாடத்திக்கு லீவு. வாசற்படியில் உட்கார்ந்து, நகக்கண்ணில் அடைந்திருந்த வெள்ளிப் பொடியைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பானுப்பிரியா கைபேசியை நீட்டினாள்.

"எம்மா, இதப் பாரு."

"என்னட்டி இது, பல்லியா?"

"பாரேன்."

மாடத்தி எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். நாலு உள்ளே போயின. ஐந்தாவது நின்றது.

"சரியாத்தான நிக்கான். இதுக்கு என்ன இப்ப?"

"தப்புங்காக."

"எவன் சொன்னான்?"

"சென்னையில."

"அவன ஒரு நா வேன்ல வரச் சொல்லு." கைபேசியை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள். "ஏ யாத்தே! நிலையத் தொட்டுட்டுல்லா போறான். செம்புத் தகடத் தொடுற மாதிரி."

(ஆலையில் அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். அதைத் தொட்டால் உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கிவிடும். தொட்ட பிறகுதான் மருந்து இருக்கும் அறைக்குள் கால் வைக்கலாம்.)

திரையில் கதாநாயகன் நுழைந்தான்.

"இவன் யாருட்டி, பூட்ஸ் காலோட வாரான்? கையில தீவட்டி வேற! ஏலே, வெளிய போலே, நாசமாப் போறவனே!"

"அவந்தாம்மா ஹீரோ."

"வெளங்கிரும்."

இருவரும் சிரித்தார்கள். மாடத்தி சிரிப்பை முதலில் நிறுத்தினாள். ஐந்தாவது பிராணியின்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

"இது மட்டும் பொய்யி."

"எது?"

"இவன் நிக்கிறது. சீசன்ல எங்க வெளிய நிக்க விடுதாக? ஆர்டர் கெடக்கு, உள்ள வான்னு போர்மேன் சத்தம் போடுவாரு. ஏழு பேரு இருப்போம். ஆபீசர் வண்டி வருதுன்னா மூணு பேரு ஓடிப்போயி வேப்பமரத்தடியில சும்மா வந்தவுக கணக்கா உக்காந்துக்கிடுவோம். அந்த மூணுல நானும் ஒருத்தி. ஓடத் தெம்பு இருக்குல்லா."*

"நீ இதச் சொன்னதே இல்லையேம்மா."

"சொன்னா நீ என்ன செய்வ? பள்ளிக்கூடம் போவாம அழுதுக்கிட்டு இருப்ப."

கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒம் பல்லி கெட்டிக்காரன். எம்புட்டுக் கூப்பிட்டாலும் உள்ள வர மாட்டான், என்ன?"

பானுப்பிரியா காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

* ஏழு பேரும் வேப்பமரமும் என் கற்பனை இல்லை. சித்தி சொன்னது. எந்த ஆலை என்று கேட்காதீர்கள். அவள் நாளைக்கும் வேன் ஏற வேண்டும்.

4

திங்கட்கிழமை காலை ஏழு மணி. தெருமுனையில் வேன் ஹாரன் அடிக்கிறது. மாடத்தி சோற்றுவாளியோடு ஓடுகிறாள். பானுப்பிரியா குணக்குறிப்பைத் திறந்து வைத்திருக்கிறாள். அறைக்குள் அதிகபட்சம்: 4. நாலை அழித்து எட்டு போட ஒரு விநாடி போதும்.

முடிவு அ: போடுகிறாள். எட்டும் உள்ளே போகின்றன. பதினொரு பிராணிகளும் அவளுக்கு வருகின்றன. நான் குறை சொல்ல மாட்டேன்.

முடிவு ஆ: போடவில்லை. வௌவால் வருகிறது. (அந்த வௌவாலையும் எங்கோ ஒருவர் சிறகு சிறகாக யோசித்துத்தான் வரைந்திருப்பார்.) அவள் வேறு அச்சகத்தில் நிறம் திருத்துகிறாள்.

முடிவு இ: சரவணக்குமாருக்கு ஒருநாள் எல்லாம் புரிந்து, அவர் கண்கலங்கி

(இதை நான் என் நிம்மதிக்காக எழுதினேன். எடுத்தாயிற்று.)

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த விளையாட்டு வெளிவந்துவிட்டது. இறக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் எந்த விளையாட்டை ஆடினாலும் சரி, முதல் அறையில் வரும் சில்லறை எதிரியை ஒருமுறை வெட்டாமல் நின்று பாருங்கள். அது எங்கே கை வைக்கிறது, யாருக்கு வழி விடுகிறது என்று பாருங்கள். அதைச் சிந்தித்தவர் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கலாம்.

சித்தி சொன்னதைக் கேட்ட அன்று என் பழைய புகாரை எடுத்து வாசித்தேன். 'ஐந்தாவதும் உள்ளே வர வேண்டும்.' ஏசி அறையில் உட்கார்ந்து நான் எழுதியது போர்மேனின் வாக்கியம். குரல் மட்டும்தான் உயரவில்லை.

இந்தக் கதையின் முடிவு ஐந்தாவது பகுதியில் வர வேண்டும். எழுதி வைத்திருக்கிறேன். வாசல்வரை கூட்டியும் வந்துவிட்டேன். கூப்பிட்டால் உள்ளே வந்துவிடும். நான் ஒருமுறை கூப்பிட்டவன், இனிக் கூப்பிட மாட்டேன். உங்களுக்கு முடிவு கட்டாயம் வேண்டுமென்றால், நீங்களே சத்தம் போட்டு உள்ளே வரச் சொல்லுங்கள்.

5