கடல் ஏறும் சமையலறை

கடலையே கண்டிராத அந்த மலையூரில், கல்லறுப்பவர் வீட்டுச் சமையலறைக்குள் தினமும் இரண்டு தடவை கடல் ஏறி, இரண்டு தடவை வடிந்தது. எல்லாம் தரையில் பதித்த கல்லால் வந்த வினை. அந்த மலை ஒரு காலத்தில் கடலடியில் கிடந்ததாம். எங்கே பிளந்தாலும் சங்கும் சிப்பியும் மீன்முள்ளும் கல்லாய் இறுகிக் கிடக்கும். சிப்பி தெரியும் பக்கத்தைக் கவிழ்த்துத்தான் தரை பதிப்பார்கள். கல்யாணமான புதிதில் கல்லறுப்பவர், பெண்டாட்டி பார்த்துப் பூரித்துப் போகட்டுமென்று அதை நிமிர்த்திப் பதித்துவிட்டார். அவளும் பூரித்துத்தான் போனாள், ஒரு வாரம்.

முதலில் ஈரம் கசிந்தது. தலைச்சன் பிள்ளை பிறந்த வருஷம் கணுக்காலைத் தொட்டது. அவள் அடுப்பை மேடையேற்றினாள், அரிசி டின்னைப் பரணில் வைத்தாள், பிள்ளைகளைக் கட்டில்மேலேயே வளர்த்து ஆளாக்கி அனுப்பினாள். வேடிக்கை பார்க்க வந்த ஊர் பிறகு உப்புக்கு வந்தது, அப்புறம் வரவேயில்லை. அதிகாரி ஒருவர் தொட்டு நக்கிப் பார்த்து, குழாய்க் கசிவு என்று சொல்லிப் போனார். ஒவ்வொரு கோடையிலும் கல்லறுப்பவர், "இந்த வருஷம் புரட்டிப் போட்டுடறேன்" என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. துடைத்துத் துடைத்து இடுப்பு ஒடிந்தது. சாவதற்குள் காய்ந்த தரையில் நாலு நாள் நடக்க வேண்டும், அவளுக்கு வேறு ஆசை கிடையாது.

கல்தூசி நெஞ்சில் இறங்கி அவர் படுத்த படுக்கையானதும், பார்த்துக்கொள்ள வசதியாகக் கட்டிலைச் சமையலறைக்கே கொண்டுவந்தாள். பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கல்லையெல்லாம் கவிழ்த்துவிட்டாள். கடல் நின்றது. அன்று முழுக்க வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். மறுநாள் காலையில் அவருக்கு மூச்சு அடைத்தது. அந்த உப்பு ஈரம்தான் அவர் நெஞ்சை இதுவரை இளக்கி வைத்திருந்தது என்று அப்போதுதான் இருவருக்கும் புரிந்தது.

"வேணாம், விடு. நீ பட்டதே போதும்," என்றார், மூச்சுக்கு ஒரு வார்த்தையாக.

"பேசாம படுங்க. ஆயுசு பூரா பேசியே கழிச்சாச்சு."

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சாந்து இன்னும் காய்ந்திருக்கவில்லை. கடப்பாரையால் ஒவ்வொரு கல்லாக நெம்பி, சிப்பி மேலே தெரிய நிமிர்த்திப் போட்டாள்.

மதியம் தண்ணீர் ஏறியது. அவர் மூச்சு சீரானது. அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். காலடியில் சின்ன மீன்கள் மேய்ந்தன. விரட்டத் தெம்பில்லாமல், கால்களைத் தண்ணீரிலேயே விட்டு அப்படியே தூங்கிப்போனாள்.