மெழுகு பூசிய பாதி

"கல்லெறியவா போறே?" என்று என் கணவர் கேட்டார். ஹால் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லிலிருந்து சுத்தியலால் ஒரு துண்டைத் தட்டி எடுத்து, கைக்குட்டையில் சுற்றி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்.

"எறிய மாட்டேன். தண்ணியில போடுவேன்."

"இன்டர்வியூவுக்கு வர்றது அவனா?"

"அவனேதான்."

"பாத்துக்கோ. கோபமா போயிட்டு, அங்க பல்லைக் காட்டிட்டு வந்துடாதே" என்று சொல்லிவிட்டு, உதிர்ந்த தூளைப் பெருக்க ஆரம்பித்தார். இத்தனை வருடம் என் வன்மத்தோடு குடித்தனம் நடத்தியவர் அவர். கதவை அடித்துக்கொள்ளாமல் நிறுத்தி வைத்தது அந்தக் கல் என்றால், என்னை நிறுத்தி வைத்தது அவர்தான்.

அது களிப்பாறை, என் ஆய்வு நாட்களில் துளைத்து எடுத்ததில் மிஞ்சிய துண்டு. பூமிக்கடியில் ஈரமாக இருக்கும்வரை சாது. துளை போட்டு வெளியே எடுத்ததும் காய ஆரம்பிக்கும். காய்ந்துவிட்டால் அதற்கு வரும் வீறாப்பு இருக்கிறதே, இயந்திரத்தில் வைத்து நசுக்கினால் கருங்கல்லுக்குத் தம்பி மாதிரி வலிமை காட்டும். அத்தனையும் பொய். மறுபடி ஈரம் பட்டால் சேறாகிவிடும். அதனால் இதோடு பழகியவர்கள், துளையிலிருந்து வந்த கையோடு மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, உருக்கிய மெழுகில் முக்கி, மண்ணுக்குள் இருந்த ஈரம் போகாமல் காப்பாற்றுவோம். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, எடுத்த துண்டுகளில் பாதியை அப்படி மெழுகில் முக்கினேன். மீதிப் பாதியை வேண்டுமென்றே காயவிட்டேன். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்பதுதான் என் ஆய்வே. வெயிலில் அடுப்பு மூட்டி மெழுகு காய்ச்சி, விரல்களெல்லாம் கொப்புளம்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரே மகள். அவளைக் கட்டியவன் அதே ஆய்வுக்கூடத்தில் என்னோடு இருந்தான். பியூனிலிருந்து பெரியவர்வரை எல்லோருக்கும் அவன் 'மாப்பிள்ளை'தான். துளையிடும் இடத்துக்கு அவன் ஒரு நாளும் வந்ததில்லை. மாப்பிள்ளைக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம்.

காய்ந்த பாதியை முதலில் நசுக்கிப் பார்த்து, எண்களைக் கூடத்துக் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். அதற்குள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று தகவல் வந்து கிளம்பிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அந்த எண்களை வைத்து ஒரு சூத்திரம் தயாராகி, மாமனார் பெயரும் மருமகன் பெயருமாகக் கட்டுரை அச்சுக்குப் போயிருந்தது.

"உனக்கென்னம்மா, சின்னப் பொண்ணு. இன்னும் எத்தனையோ எழுதுவே" என்றார் பேராசிரியர். "அவனுக்கு வேலை நிரந்தரமாகணும். குடும்பத்துக்குள்ள இதைப் போய்ப் பெருசு பண்ணாதே."

"எந்தக் குடும்பம் சார்?" என்று கேட்டேன். அந்தக் கூடத்தில் என் ஆய்வு அதோடு முடிந்தது.

மெழுகுத் துண்டுகளை டிரங்குப் பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். முதலிலிருந்து ஆரம்பித்தேன். காய்ந்த கல்லையும் ஈரக் கல்லையும் ஒப்பிட்டு எழுதி வெளியிட்டேன். ஒருவரும் சீந்தவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் சூத்திரம் பாடப்புத்தகத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அதை நம்பி ஒரு சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டினார்கள். போன வருட மழையில் சரிவு மொத்தமாக இறங்கி, காவல்காரர் கொட்டகையை மூடியது. அவர் சாப்பிடப் போயிருந்ததால் பிழைத்தார். "எதிர்பாராத மழை" என்று மாப்பிள்ளை டிவியில் சொன்னான். மழை வந்து மறுத்துப் பேசாது என்ற தைரியம். அன்றைக்குத்தான் என் பழைய வயிற்றெரிச்சல் முழுக் கோபமானது.

இப்போது அவன் ஓர் ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தான். தேர்வுக்குழுவில் வெளி நிபுணர்களில் ஒருத்தி நான். விண்ணப்பித்தவர்களில் உறவு யாராவது உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். பகை உண்டா என்று யாரும் கேட்கவில்லை.

குளிரூட்டிய அறை, நீள மேசை, ஆளுக்கொரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர். தலைவர் வேதியியல்காரர். என் பக்கத்தில் ஒரு சுரங்கப்பாதைப் பொறியாளர். மாப்பிள்ளை உள்ளே வந்ததும் என்னைப் பார்த்து ஒரு கணம் திணறினான். உடனே சமாளித்துக்கொண்டு கும்பிட்டான்.

"சார், நாங்க ஒரே லேப்ல இருந்தோம். மேடம் எனக்குத் தங்கச்சி மாதிரி."

தங்கச்சி! பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கைக்குட்டையைப் பிரித்து, கல்லை அவனிடம் நீட்டினேன்.

"தங்கச்சின்னு சொன்னதால உரிமையா கேக்குறேன். இது அடையாளம் தெரியுதா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெத்த பிள்ளையைத் தெரியாம இருக்குமா மேடம்? இதை வெச்சுத்தானே என் சூத்திரமே!"

"துளை போட்டது, நசுக்கிப் பார்த்தது எல்லாம் நீங்களேதானே?"

"ஒவ்வொரு துண்டும் இந்தக் கையாலதான்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கொப்புளத் தழும்பு ஒன்றுகூட இல்லாத கை.

கல்லை வாங்கி என் டம்ளரில் போட்டேன். "நீங்க பேசுங்க. இது பாட்டுக்கு இருக்கட்டும்."

அவன் திரைப்பக்கம் திரும்பிப் பேச ஆரம்பித்தான். பேச்சில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. விருதுகள், நாடுகள், கைகுலுக்கும் படங்கள். டம்ளருக்குள் குமிழி விட ஆரம்பித்தது. பிறகு ஒரு விரிசல். ஒரு பக்கம் மெதுவாகச் சரிந்தது. சுரங்கப்பாதைப் பொறியாளர் திரையை விட்டுவிட்டு டம்ளரைப் பார்க்க ஆரம்பித்தார். தலைவரும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். வெட்டிய மலையின் படத்துக்கு அவன் வந்து சேர்வதற்குள் கல் இருந்த இடத்தில் சேறு படிந்திருந்தது.

"இது கல்லா, சர்க்கரைக் கட்டியா?" என்றார் தலைவர்.

மாப்பிள்ளை திரும்பினான். டம்ளரைப் பார்த்தான்.

"மாதிரிகளை மெழுகு போட்டு வெச்சிருந்தீங்களா?" என்று பொறியாளர் கேட்டார்.

"மெழுகா? அது எதுக்கு சார்?"

பொறியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். களிப்பாறையைத் தொட்டவன் எவனும் கேட்காத கேள்வி அது. கணினியிலிருந்து எண்களை மட்டும் எடுத்தவனுக்குத்தான் மெழுகு தெரியாது. தப்பிக்க வழி தேடிய அவன் கண் கடைசியில் என்மேல் வந்து நின்றது. வருமென்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் கல்லைச் சுமந்துகொண்டு வந்திருந்தேன்.

"சார், உண்மையைச் சொல்லணும்னா, டெஸ்ட் எல்லாம் பண்ணது இவங்கதான்" என்று என்னைக் கைகாட்டினான். "தப்பு அங்கதான் நடந்திருக்கு. நான் நம்பி எடுத்துக்கிட்டேன்."

என் பெயரிலிருந்து பிடுங்கியதை, அழுகிவிட்டது என்றதும் என் மடியிலேயே திருப்பிப் போட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க டம்ளரை நகர்த்தி வைத்தேன். ஆமாம், சந்தோஷம்தான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

"இப்பத்தானே ஒவ்வொரு துண்டும் உங்க கையாலன்னு சொன்னீங்க?" என்று தலைவர் அவனைக் கேட்டார்.

"அவர் இப்ப சொன்னதுதான் சார் உண்மை" என்றேன். "டெஸ்ட் பண்ணது நான்தான். தப்பு நடக்கல. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகப் பாதியைக் காயவிட்டேன், பாதியை மெழுகுல வெச்சேன். காஞ்ச பாதி மட்டும்தான் திருடு போச்சு. ஈரப் பாதி என் பேர்லயே வெளியாகியிருக்கு. இவர் அதைப் படிச்சிருந்தாலே அந்த மலையை அப்படி வெட்ட விட்டிருக்க மாட்டார்."

தலைவர் குறிப்பெடுப்பவரிடம், இருவரும் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதச் சொன்னார். மாப்பிள்ளையை வெளியே காத்திருக்கச் சொன்னார். நான் அவனுக்கு மதிப்பெண் போடவில்லை. தாளை வெறுமையாகவே கொடுத்தேன். என் மதிப்பெண் அங்கே தேவைப்படவில்லை.

வெளியே வந்தபோது தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எழுந்து என் பின்னாலேயே மாடிப்படிவரை வந்தான்.

"மேடம், காஞ்ச கல்லுன்னு ஒரு வார்த்தை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. இத்தனை வருஷம் பாத்துக்கிட்டே இருந்தீங்களே."

"கேட்டு எடுத்திருந்தீங்கன்னா, அண்ணே, மெழுகு பூசின பாதியையும் சேர்த்தே கொடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.