ஆட்டுத்தலை யாருக்கு

வந்திருந்தவர்கள்: வங்கித் தலைவர் சபார், கணக்குப் பிரிவு ரிம்மா, பெருங்கடன் பிரிவு ஓல்ஜாஸ், வீட்டுக்கடன் பிரிவுக்குத் தலைமை அதிகாரியான ரௌஷன், தட்டில் வேகவைத்த ஓர் ஆட்டுத்தலை. கடைசி விருந்தாளியை மட்டும் ரௌஷன் தன் செலவில் வரவழைத்திருந்தாள்.

அல்மாத்தியில் ஓர் உணவகத்தின் உள்ளறை, சனிக்கிழமை மதியம். சாப்பாடு முடிவதற்குள் வங்கியின் துணைத்தலைவர் யாரென்று சபார் அறிவிப்பார். ஓல்ஜாஸ்தான் என்பது பரிமாறுகிறவனுக்குக்கூடத் தெரியும்.

கவுண்டரில் உட்காரத் தொடங்கி இருபத்து மூன்று வருடமான ரௌஷன் அந்தப் பதவிக்குக் காத்திருப்பது இது மூன்றாவது முறை. முதல் முறை, கைக்குழந்தை இருக்கிறதே என்று தட்டிக்கழித்தார்கள். இரண்டாவது முறை, பிள்ளைதான் வளர்ந்துவிட்டானே, இனி எதற்கு அலைச்சல் என்றார்கள்.

வியாழக்கிழமை, எழுத்தர்களோடு முடிந்துபோக வேண்டிய ஓல்ஜாஸின் சொந்த வீட்டுக்கடன் கோப்பு, அவனுக்குத் தெரியாமல் அவள் மேசைக்கு வந்தது. அடமானம், காலமான தந்தை விட்டுப்போன வீடு. இறப்புச் சான்றிதழ், முத்திரை எல்லாம் கச்சிதம். ஒன்றுதான் இடித்தது. தந்தை இறந்தது மார்ச்சில், இப்போது செப்டம்பர். நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அலுவலகத்தில் ஒருவரையும் அவன் கூப்பிடவில்லை. கார் வாங்கியதற்கே ஆடு அடித்தவன் அவன்.

புகார் சொன்னால் வயிற்றெரிச்சல் என்பார்கள். அதனால் வாயைத் திறக்காமல் ஆட்டுத்தலைக்குச் சொல்லிவைத்தாள்.

பந்தியில் மூத்தவருக்கே தலை என்ற வழக்கப்படி அது சபார் முன்னால் வந்தது. ரௌஷன் அவர் பக்கம் சாய்ந்து, நாளைய துணைத்தலைவர் கையால் அறுத்தால் நன்றாயிருக்கும் என்றாள். யோசனை அவருக்குப் பிடித்தது. அவளுடைய பெருந்தன்மை அதைவிடப் பிடித்தது. தட்டைத் திருப்பிவைத்துக் கத்தியை நீட்டினார்.

ஓல்ஜாஸ் சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். "வேணாம் ஐயா. அப்பா உயிரோட இருக்கறப்ப நான் எப்படித் தலையில கத்தி வைக்கிறது?"

தந்தை இருக்கும்வரை மகன் ஆட்டுத்தலையை அறுக்கக் கூடாது என்பது அங்கே முறை. சபார் அந்த வளர்ப்பை மெச்சினார்.

"நல்லா இருக்காராப்பா?" என்று கேட்டாள் ரௌஷன்.

"கல்லு மாதிரி இருக்காருக்கா. நேத்துகூடக் குதிரை ஏறினாரு."

"நூறு வயசு இருக்கட்டும். ஆனா நம்ம கோப்புல அவரு மார்ச் மாசமே போயிட்டாரு தம்பி."

ரிம்மா மெல்லுவதை நிறுத்தினாள். ரௌஷன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்த நகலைச் சபார் இரண்டு முறை படித்தார். பிறகு ஆட்டின் காதை அறுத்து ஓல்ஜாஸ் தட்டில் வைத்தார். பெரியவர் சொல் கேட்கட்டும் என்று சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற துண்டு அது.

"தின்னுட்டுக் கிளம்பு. திங்கக்கிழமை உன் அறைச் சாவிய வாசல்ல குடுத்துரு."

அவன் தின்னவில்லை. அப்பாவிடம் பேசிவிட்டு வந்து விளக்குவதாக முனகிக்கொண்டே வெளியே போனான்.

சபார் கத்தியைத் துடைத்து, பிடியை ரௌஷன் பக்கம் திருப்பினார். இதுவரை எந்தப் பெண்ணிடமும் அதை அவர் கொடுத்ததில்லை.

"உங்கப்பா?"

"போயிப் பதினோரு வருஷம் ஆச்சு ஐயா. நாப்பதாம் நாளுக்கு நீங்க ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க."

"அப்ப நீயே அறு. முதல்ல அந்தக் கதவைச் சாத்தும்மா, கறி ஆறுது."

ரௌஷன் எழுந்துபோய் அவன் திறந்து போட்டுவிட்டுப் போன கதவைச் சாத்தி, அதிலேயே இருந்த சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.